இருளின் தோல்: ஒரு சொல், பல அர்த்தம், ஒரு கவிதை

மூன்று வருடங்களுக்கு முன்னால் நான் இரவுகளில் சரியாகத் தூங்குவதில்லை. அப்போது ஆன்-கால் வேலை. நாலு வாரத்துக்கு ஒரு முறை, ஏழு நாளும் இருபத்து நாலு மணி நேரமும் ஃபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். சிஸ்டம் எங்காவது சிக்கினால் அலாரம் அடிக்கும். பெரும்பாலும் அடித்தது ஒரே அலாரம்தான்: 'டெட் லெட்டர் க்யூ நிரம்பிவிட்டது'. ஒரு சர்வீஸ் இன்னொரு சர்வீஸுக்கு அனுப்பும் செய்திகளில், பலமுறை முயன்றும் போய்ச் சேராதவற்றை ஒரு ஓரமாகக் குவித்துவைக்கும் இடம் அது. தபால்துறையிலிருந்து எங்கள் ஆட்கள் கடன் வாங்கிய பெயர். முகவரிக்குச் சேராத கடிதம், டெட் லெட்டர்.

போகப்போக, அலாரம் அடிக்காத வாரங்களிலும் மூன்று மணிக்கு முழிப்பு வந்தது. விடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் திறப்பேன். விடிந்திருக்காது. அம்மா ஃபோனில் கேட்பாள், "என்னடா பண்ணுது?" "ஒண்ணுமில்லம்மா, ஒரு மாதிரியா இருக்கு." அதற்கு மேல் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

கல்லூரியில் உடன் படித்த நண்பன் ஒருவனுக்கு மட்டும் இது தெரியும். மெக்கானிக்கல் படித்துவிட்டு இப்போது ஆங்கில இலக்கியத்தில் ஆய்வு செய்கிறவன். ஒரு ராத்திரி அவன் ஒரு கவிதையை அனுப்பினான். கூடவே ஒரு வரி: "மச்சி, இதுல உன் டெட் லெட்டர் க்யூ இருக்கு பாரு."

இருந்தது. ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் எழுதிய தலைப்பில்லாத சானெட். ஒருவன் முழித்துக்கொள்கிறான். பகலை எதிர்பார்த்த இடத்தில் இருட்டு. இந்த ஒரே இரவில் எத்தனை மணி நேரத்தைக் கழித்தோம், எதையெல்லாம் பார்த்தோம் என்று தன் இதயத்திடமே பேசுகிறான். மணி என்று சொல்கிறேனே, வருடங்கள் என்று சொல்ல வேண்டும், வாழ்நாள் என்றே சொல்ல வேண்டும் என்று திருத்திக்கொள்கிறான். தன் புலம்பல்களெல்லாம், எங்கோ தொலைவில் இருக்கும் மிகப் பிரியமான ஒருவருக்கு அனுப்பிப் போய்ச் சேராத கடிதங்கள் என்கிறான்.

ஆனால் என்னை நிறுத்தியது அந்தக் கடிதங்கள் இல்லை. முதல் வரியிலேயே கிடந்த ஒரு சொல்: 'ஃபெல்'. முழித்தவன் கையில் தட்டுப்படுவது இருளின் 'ஃபெல்'. நான் அதை 'விழுந்தது' என்று வாசித்தேன். வாக்கியம் ஓடவில்லை. திரும்ப வாசித்தேன். அப்போதும் ஓடவில்லை. அகராதியைத் திறந்தேன். இந்தக் கட்டுரை அங்கே ஆரம்பிக்கிறது.

*

நாலெழுத்துச் சொல் ஒன்றுக்குள் இத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்துவிடலாம்.

எல்லோருக்கும் தெரிந்தது 'விழு' என்பதன் இறந்தகாலம். அதன் பக்கத்திலேயே, 'வீழ்த்து' என்ற பொருளில் ஒரு தனி வினை. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு ஆங்கிலத்தில் இன்றும் அதுதான் சொல். விழு, வீழ்த்து என்று நாம் தன்வினை, பிறவினை பிரிப்பது போன்ற உறவு இது.

மூன்றாவது, விலங்கின் தோல், மயிரோடு கூடிய உரி. பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மனில் இன்றும் விலங்கின் தோலுக்கு இதே சொல்தான் புழங்குகிறது. லத்தீனில் தோலைக் குறிக்கும் 'பெல்லிஸ்' இதற்கு உறவுமுறை. நாம் தியேட்டரில் பார்க்கும் 'ஃபிலிம்' கூட இதே குடும்பம்தான். மெல்லிய தோல், சவ்வு என்பது அதன் பழைய பொருள்.

நாலாவது, குன்று. வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வடக்கு இங்கிலாந்துக்கு வந்து ஒட்டிக்கொண்ட சொல். அங்கே மலைப்பெயர்கள் பலவற்றில் இது வால் போலத் தொங்கும்.

ஐந்தாவது, கொடிய, இரக்கமற்ற. இது பழைய பிரெஞ்சு வழி வந்தது. குற்றவாளியைச் சொல்லும் 'ஃபெலன்' இதன் ரத்தசொந்தம். 'ஒன் ஃபெல் ஸ்வூப்' என்று ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஷேக்ஸ்பியரின் மெக்பெத்திலிருந்து வந்த தொடர் அது. பருந்து ஒரே பாய்ச்சலில் கோழிக்குஞ்சுகளை அள்ளிப்போகும் கொடுமை. இன்று அதைச் சொல்கிறவர்களுக்குப் பருந்தும் தெரியாது, கொடுமையும் தெரியாது. 'எல்லாத்தையும் ஒரே அடியா முடிச்சிடலாம்' என்பது மட்டும்தான் மிச்சம்.

ஆறாவது, தையல்காரர்களின் சொல். துணியின் ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடுவது. நீங்கள் போட்டிருக்கும் ஜீன்ஸின் காலைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

இந்த ஆறில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை அல்ல. வேறு வேறு ஊரிலிருந்து வந்து, உச்சரிப்பு தேய்ந்து தேய்ந்து, தற்செயலாக ஒரே முகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். 'விழு'வும் 'வீழ்த்து'வும் உண்மையான குடும்பம்.

நமக்கும் இது புதிதில்லை. 'கடி' என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் ஒரு பட்டியலே தருகிறது: காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, மிகுதி, அச்சம் என்று போகும். அது போதாதென்று ஹாஸ்டலில் நாம் கடி ஜோக்கையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ஒரு வரியில் அந்தச் சொல் வந்து உட்காரும்போது அந்தப் பொருள்களெல்லாம் என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி.

*

இதற்கு விமர்சனத்தில் ஒரு சுலபமான பதில் உண்டு. 'எல்லா அர்த்தங்களும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. அதுவே கவிதையின் செறிவு.' இந்த வாக்கியத்தை நான் பல இடங்களில் படித்திருக்கிறேன். நானே எழுதியும் இருக்கிறேன். இப்போது அது ஒரு சோம்பேறித்தனம் என்று தோன்றுகிறது.

ஏன் என்று என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். 2013ல் கூகுள் ஆய்வாளர்கள் 'வேர்ட் டு வெக்' என்ற முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு சொல்லையும் எண்களின் ஒரு வரிசையாக மாற்றுவது. எந்தெந்தச் சொற்களின் பக்கத்தில் ஒரு சொல் வருகிறதோ, அதை வைத்து அந்த எண்கள் அமையும். அருமையான வேலை. ஆனால் ஒரு குறை. ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு புள்ளிதான். குன்றாக வந்த 'ஃபெல்', தோலாக வந்த 'ஃபெல்', விழுந்த 'ஃபெல்' எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி ஒரு சராசரிப் புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியில் குன்றும் இருக்காது, தோலும் இருக்காது. 'எல்லா அர்த்தமும் ஒரே நேரத்தில்' என்று சொல்லும் விமர்சனமும் இப்படி ஒரு சராசரிதான். கேட்கச் செறிவாக இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இந்த விஷயத்தில் நாம் திரும்பிப் பார்க்க வேண்டிய ஆள் வில்லியம் எம்ப்சன். கேம்பிரிட்ஜுக்குக் கணிதம் படிக்கப் போய் ஆங்கில இலக்கியத்துக்கு மாறியவர். 1930ல், இருபத்து நாலு வயதில், பல்பொருண்மையை ஏழு வகையாகப் பிரித்து அவர் எழுதிய புத்தகம் அப்போதே பேசப்பட்டது. அதில் ஏழாவது, அதாவது உச்சமான வகைக்கு அவர் ஹாப்கின்ஸையும் எடுத்துக்கொள்கிறார். வல்லூறு பற்றிய கவிதையில் வரும் 'பக்கிள்' என்ற சொல். பெல்ட்டின் பக்கிளைப் போல இறுகப் பூட்டு என்றும் பொருள், சைக்கிள் சக்கரம் கோணிப்போவது போல மடங்கி உடை என்றும் பொருள். ஒன்றுக்கொன்று நேர் எதிர். எழுதியவனின் மனமே இரண்டாகப் பிளந்து நிற்கும் இடம் என்கிறார் எம்ப்சன்.

எனக்கு முக்கியமாகப் படுவது, 21 வருடம் கழித்து, 1951ல் அவர் எழுதிய இன்னொரு பெரிய புத்தகம். அதில் அவர் பொருள்களை எண்ணுவதோடு நிற்கவில்லை. ஒரு சொல்லின் பொருள்களுக்கிடையே என்ன உறவு, எது முன்னால் நிற்கிறது, எது பின்னாலிருந்து தள்ளுகிறது என்று சமன்பாடு போலப் பிரித்துப் பார்க்கிறார். அந்தக் கேள்வியைத்தான் 'ஃபெல்'லிடம் கேட்க விரும்புகிறேன். எது முதலில் வருகிறது? எது தாமதமாக வருகிறது? எது வரவே இல்லை?

*

அதற்கு முன் கொஞ்சம் ஹாப்கின்ஸ். 1844ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போதே கத்தோலிக்கத்துக்கு மாறி, 1868ல் இயேசு சபையில் சேர்ந்தார். சேரும் முன், அதுவரை எழுதிய கவிதைகளைத் தன் கையாலேயே எரித்தார். 1884ல் சபை அவரை டப்ளினுக்கு அனுப்பியது. பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்கம், லத்தீன் பேராசிரியர். பட்டம் பெரிது. வேலை, வருடா வருடம் நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்துவது. சுயாட்சி கேட்டுக் கொதித்துக்கொண்டிருந்த அயர்லாந்தில் அவர் ஓர் ஆங்கிலேயர். ஆங்கிலிக்கன் குடும்பத்துக்கோ அவர் மதம் மாறியவர். இரண்டு பக்கமும் அந்நியன். 1885 வாக்கில் எழுதிய சில சானெட்களில் இதுவும் ஒன்று. 'கொடும் சானெட்கள்' என்று பின்னால் வந்தவர்கள் இவற்றை அழைத்தார்கள். அவர் இவற்றை வெளியிடவில்லை. 1889ல் டைஃபாய்டில் இறந்தார், நாற்பத்து நாலு வயதில். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் காத்துவைத்திருந்து, 1918ல்தான் கவிதைகள் புத்தகமாக வந்தன. 750 பிரதி.

இந்த ஆளுக்குச் சொற்கள் மேல் ஒரு பித்து இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு நாட்களின் டைரியிலேயே, ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை வரிசையாக எழுதி, இவை எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்று துழாவியிருக்கிறார். வட்டாரச் சொற்களைச் சேகரித்தார். அவர் டப்ளின் போன அதே 1884ல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பகுதி, 'ஏ' எழுத்தில் தொடங்கி, வெளிவந்தது. 'எஃப்' எழுத்துக்கு அகராதி வந்து சேரும்போது அவர் உயிரோடு இல்லை. ஆகவே, நாம் இன்று இரண்டு நொடியில் பார்க்கும் பட்டியலைப் பார்த்து அவர் இந்தச் சொல்லைப் பொறுக்கவில்லை. காதிலிருந்தும் காலடியிலிருந்தும் எடுத்தார்.

*

இப்போது வரிக்குள் போவோம்.

முதலில் வருவது தோல். காரணம், அதற்கு முன் இருக்கும் வினை 'உணர்'. தொட்டு உணர்வது. இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை, கைக்குத்தான் வேலை. அந்த வினையும் இந்தச் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிப்பவை. நீட்டி ஒன்று, குறுக்கி ஒன்று. நீட்டிய கை சட்டென்று எதன் மேலோ முட்டுவது போல. அப்படி முட்டியது, மயிரடர்ந்த ஏதோ ஒன்றின் தோல். இருளை விலங்காக்கும் உவமை கவிதையில் எங்கும் இல்லை. இந்த ஒரு சொல்தான் அந்த விலங்கு. முழு உருவம் காட்டாமல் தோலை மட்டும் காட்டுகிறது. அது உயிரோடு இருக்கிறதா, செத்து உரித்துப் போர்த்தியதா என்று தெரிவதில்லை. பயம் அங்கே இருக்கிறது.

இரண்டாவதாக, நான் முதலில் தப்பாக வாசித்த அந்த 'விழுந்தது'. இலக்கணம் அதை அனுமதிக்காது. முன்னால் சுட்டிடைச்சொல் இருக்கிறது. ஆகவே அது பெயர்ச்சொல். ஒரு சாதாரண புரோகிராம்கூட இந்த இடத்தில் வினையைத் தள்ளிவிடும். ஆனால் காது தள்ளுவதில்லை. விழுந்த ஒன்றின் சத்தம் கேட்டுவிட்டது, கேட்காததாக ஆக்க முடியாது. இதை நான் ஓர் 'அர்த்தம்' என்று எண்ண மாட்டேன். வாசிப்பவன் தடுக்கி விழும் படி அது.

மூன்றாவது, கொடுமை. இதற்கு வெளிச்சாட்சி இருக்கிறது. அதே கொத்தில் உள்ள இன்னொரு சானெட்டில் ஹாப்கின்ஸ் இதே சொல்லை வைத்திருக்கிறார். அங்கே சீற்றம் என்பவள் வந்து, என்னைக் கொடியவளாக இருக்க விடு என்று அலறுகிறாள். அங்கே பொருளில் குழப்பமே இல்லை, கொடிய என்பது மட்டும்தான். ஒரே காலகட்டம், ஒரே இருட்டு, ஒரே சொல், ஆனால் வேறு பொருள். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தவனுக்கு, இங்கே தோலைத் தடவும்போது அந்த அலறலும் கொஞ்சம் கேட்கும்.

நாலாவதுதான் என்னை உலுக்கியது. அது ஆங்கில அகராதியின் வழக்கமான பட்டியலில் முன்னால் நிற்பது இல்லை. லத்தீனில் 'ஃபெல்' என்றால் பித்தநீர். கசப்பு. எழுதியவர் லத்தீன் பேராசிரியர். கவிதையின் ஒன்பதாவது வரி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? நான்தான் பித்தம், நான்தான் நெஞ்செரிச்சல் என்று. பித்தத்துக்கு அவர் அங்கே போடுவது வேறொரு, நேரடியான ஆங்கிலச் சொல். ஆனால் அந்த இடத்துக்கு வந்ததும் முதல் வரியின் சொல் பின்னாலிருந்து கசக்க ஆரம்பிக்கிறது. அதாவது இந்தப் பொருள் முதல் வரியில் 'ஒரே நேரத்தில்' இயங்கவில்லை. எட்டு வரி கழித்து வந்து சேர்கிறது. தாமதமாகப் பட்டுவாடா ஆகும் கடிதம் போல.

வந்து சேர்ந்ததும் கவிதையின் திசையே தெரிகிறது. முதலில் தோல். பிறகு பித்தம். பிறகு எலும்பு, சதை, ரத்தம் என்று பதினோராவது வரி வாக்கில் வரிசையாக வருகின்றன. வெளியிலிருந்து உள்ளே போகிறான். ஆரம்பத்தில் இருள் வெளியே இருந்த ஏதோ மிருகம். முடியும்போது அந்தக் கசப்பின் ருசி தன்னுடைய ருசிதான் என்று தெரிகிறது. அந்தத் தோலுக்குள் இருப்பது வேறு யாரும் இல்லை. இந்தப் பயணத்தின் இரண்டு முனைகளும், தோலும் பித்தமும், ஒரே சொல்லுக்குள் முதல் வரியிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. செறிவு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால், இந்த வரிசைக்காகச் சொல்வேன். எண்ணிக்கைக்காகச் சொல்ல மாட்டேன்.

தையலை விட்டுவிடலாம். கவிதையில் அதற்கு ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. அகராதியில் இருக்கிறது என்பதற்காகக் கவிதையில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

குன்றையும் இப்படித்தான் தள்ளியிருந்தேன். இந்தக் கட்டுரையின் முதல் வரைவில் 'அகராதிப் பேராசை' என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். பிறகு, டப்ளினுக்கு முன் அவர் எங்கே இருந்தார் என்று தேடினேன். 1882லிருந்து லங்காஷயரில் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் ஆசிரியர். அதற்கு முன்பும் மூன்று வருடம் அங்கேயே தத்துவம் படித்திருக்கிறார். மேப்பைத் திறந்தேன். கல்லூரிக்குப் பின்னாலேயே ஒரு நீண்ட குன்று, 350 மீட்டர் உயரம். பெயர் லாங்ரிட்ஜ் ஃபெல்.

கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அகராதியில் நாலாவது பொருளாக இருந்தது, அவருக்கு அன்றாடம் வெளியே வந்தால் தெரியும் மேடு. ராத்திரியில் ஒரு குன்று எப்படித் தெரியும்? வானத்தைவிடக் கறுப்பாக, ஒரு பெரிய மிருகம் முதுகைக் காட்டிப் படுத்திருப்பது போல. அங்கே குன்றும் தோலும் அத்தனை தூரத்தில் இல்லை.

இதனால் குன்று கவிதைக்குள் வந்துவிட்டது என்று நிரூபணம் ஆகாது. கவிஞர் பார்த்ததெல்லாம் கவிதையில் இருக்காது. ஆனால் 'இல்லை' என்று நான் அத்தனை தைரியமாகச் சொன்னதற்கும் ஆதாரம் இல்லை. இப்போது என் கணக்கு இது: தோல் முதலில், குன்று அதற்கு எடை. போர்வை என்றால் உதறிவிடலாம். குன்றை உதற முடியாது.

*

இதைச் சிலேடை என்று சொல்லலாமா? நண்பன் அப்படித்தான் சொன்னான். எனக்கு ஒப்புதல் இல்லை. காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடினால், இரண்டு தண்டவாளங்கள் கடைசி வரை பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இரண்டும் தனித்தனியே முழுமையாகப் பொருந்த வேண்டும். பொருந்தியதும் நாம் சிரிக்கிறோம், சபாஷ் என்கிறோம். புதிர் அவிழ்ந்த சந்தோஷம் அது. அதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஹாப்கின்ஸில் அவிழ்ப்பதற்கு முடிச்சு இல்லை. மூன்று மணிக்கு முழித்தவனுக்குத் தன் மேல் கிடப்பது தோலா, பாரமா, அடியா, கசப்பா என்று தெரியாது. தெரியாமை அவனுடைய அனுபவம். சாமர்த்தியம் காட்ட அவனுக்குத் தெம்பு இல்லை.

அப்படியென்றால் 'ஒரு மாதிரியா இருக்கு' என்று நான் அம்மாவிடம் சொன்னதும் இதுவும் ஒன்றுதானா? இந்தக் கேள்வியில்தான் நான் பல நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டுமே தெரியாமையைச் சொல்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 'ஒரு மாதிரி' என்பதில் பொருளே இல்லை. கேட்பவர் எதையும் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல், காதல், கடன் எதுவும் பொருந்தும். 'ஃபெல்'லில் எதையும் போட முடியாது. நாலு குறிப்பிட்ட பொருள்கள்தான். நாலுக்கும் உடம்பில் இடம் இருக்கிறது: மேலே தோல், நெஞ்சில் பாரம், எங்கிருந்தோ கொடுமை, வாயில் கசப்பு. மங்கலாகச் சொல்வது வேறு, பலவாகச் சொல்வது வேறு. நம் கவிதைகளில் முதலாவதை இரண்டாவதாக நினைத்து நாம் நிறையக் கைதட்டியிருக்கிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நான் எழுதிய கவிதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

அந்தக் கவிதையைத் தமிழில் கொண்டுவர முயன்றேன். அந்தச் சொல்லுக்கு மட்டும் இரண்டு வாரம்.

முதலில் 'போர்வை'. சரியாக வரவில்லை. நமக்குப் போர்வை சுகமானது. அடுத்து 'உரி'. நல்ல சொல். தோல் என்றும் பொருள், உரித்தெடு என்ற ஏவலும் உண்டு. அரை நாழி அளவும் அதுவே. ஆனால் 'உரி' என்றதும் தமிழ்க் காதில் யானை உரி போர்த்த சிவன் வந்துவிடுகிறார். வழுவூரில் அந்தக் கோலத்தில் நிற்கிறாரே, அவர். அங்கே தோலைப் போர்த்தியவர் ஜெயித்தவர். மிருகம் செத்துவிட்டது, ஆட்டம் நடக்கிறது. ஹாப்கின்ஸில் தோலுக்கு அடியில் கிடப்பவன் ஜெயிக்கவில்லை. ஒரு சொல்லால் கவிதையின் முடிவே மாறிவிடும்.

கடைசியில் வெறும் 'தோல்'. இது ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று முதலில் ஒதுக்கியதுதான். பிறகு பழைய நிகண்டுப் பொருள்களைப் பார்த்தேன். தோல் என்றால் யானை என்றும் பொருள் உண்டு, கேடயம் என்றும் உண்டு. இருட்டில் தட்டுப்படும் யானை! அதைவிட முக்கியமான ஒன்று நிகண்டு இல்லாமலே கண் முன்னால் இருந்தது. தோற்பதற்கும் தமிழில் அடிச்சொல் 'தோல்'தான். தோல்வி. ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று தமிழில் தானாக உள்ளே நுழைகிறது. பித்தம் போய்விட்டது, குன்று போய்விட்டது, விழுந்த சத்தம் போய்விட்டது. பதிலுக்குத் தோல்வி கிடைத்தது. அந்த மனிதர் அந்த ராத்திரியில் இருந்த இடத்துக்கு அது அந்நியம் இல்லை.

சந்தோஷமாக நண்பனுக்கு ஃபோன் போட்டு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மச்சி, தோல்னா எனக்குச் செருப்புதான்டா ஞாபகம் வருது" என்றான்.

அவன் சொன்னதும் சரிதான். ஒரு சொல்லை நாம் தேர்ந்தெடுக்கும்போது, வேண்டிய பொருள் மட்டும் கூட வராது. வேண்டாததும் செருப்போடு உள்ளே வரும். சில நாள் யோசித்தேன். 'தோல்' என்றே வைத்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளன் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எதை இழக்கிறான் என்று தெரிந்து இழக்கலாம்.

*

அந்த வேலையை இப்போது விட்டுவிட்டேன். மூன்று மணி முழிப்பு முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. மருத்துவரைப் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்படி இருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க." வழக்கம்போல 'ஒரு மாதிரி' என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். "முழிச்சதும் மேல எதோ படுத்திருக்க மாதிரி இருக்கும். கனமா. கொஞ்ச நேரம் கழிச்சு அது வெளியில இல்ல, உள்ளதான் இருக்குன்னு தோணும். அப்ப வாய் கசக்கும்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நாலைந்து கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றும் சரியான கேள்வி.

கவிதை என்னைக் குணப்படுத்தியது என்று சொல்ல வரவில்லை. மாத்திரைதான் குணப்படுத்தியது. ஆனால் மாத்திரை எழுதுகிறவருக்கு நான் சொன்னது, டப்ளினில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே ஒரு மனிதர் ஒரு பழைய சொல்லுக்குள் அடைத்து வைத்தது. அவர் அதை யாருக்கும் அனுப்பவில்லை. ஏறக்குறைய முப்பது வருடம் ஒரு நண்பர் வீட்டில் கிடந்தது.

அம்மாவிடமும் பிறகு ஒருநாள் சொன்னேன். "மேல எதோ படுத்திருக்க மாதிரி இருக்கும்மா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மயிரு இருக்குமாடா அதுக்கு?" என்று கேட்டாள்.

"ஏம்மா?"

"உங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் வரும். கரடி மாதிரின்னு சொல்லுவாரு."